ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்: டீக்கடைப் பழக்கத்தில் வண்டியைக் கழற்றக் கொடுக்கலாமா?

#1 | தாம்பரம்வாசி | சனி, இரவு 9.40

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம். அனுபவப்பட்டவர்கள் யோசனை சொல்லுங்கள்.

வண்டி சான்ட்ரோ ஜிங், 2012 மாடல், 91,000 கிலோமீட்டர் ஓடியது. அப்பா வாங்கிய வண்டி. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். போன மாதம் குடும்பத்தோடு திண்டிவனம் போனபோது, பரனூர் டோல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெப்ப ஊசி மேலே ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன், கொஞ்சம் இறங்கியது. மாமண்டூர் பக்கம் ஓரங்கட்டி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் கூலன்ட் டப்பா காலி. கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை ஊற்றி மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து வண்டி தண்ணீர் குடிக்கிறது. வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது. ஆனால் நிறுத்துகிற இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார். நான்கு வருடமாகக் காலையில் டீக்கடையில் பார்க்கிற பழக்கம். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் கராஜில் வேலை பார்த்தவர், கொரோனா சமயத்தில் திரும்பி வந்துவிட்டார். வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு ஒன்றிரண்டு வண்டி பார்க்கிறார். பானெட்டைத் திறந்து பார்த்தார், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், பதினாலாயிரத்துல முடிச்சுடலாம்" என்றார். எஞ்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே உட்காருகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடாம் அது. கம்பெனி டீலர் அல்லாத ஒரு பெரிய வொர்க்ஷாப்பில் விசாரித்தேன். அதே வேலைக்கு 34,000 ஆகலாம் என்கிறார்கள்.

பணம் மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் இவர்தான். ராத்திரி ரெண்டு மணி. லுங்கியோடு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். "கொடுத்து ஏதாவது ஆனாலும் பழக்கம் போயிடும், கொடுக்கலைன்னாலும் போயிடும்" என்கிறார் வீட்டுக்காரம்மா. அவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது. என்ன செய்வது?

#2 | வண்டிப்பிரியன் | சனி, இரவு 10.05

யோசிக்காமல் கொடுங்கள். இருபதாயிரம் மிச்சம். பதிமூன்று வருட வண்டிக்கு 34,000 கொட்டுவதில் அர்த்தமே இல்லை.

#3 | பழைய ஸ்பேனர் | சனி, இரவு 11.20

31 வருடம் வொர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொடுக்கலாமா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஹெட் கேஸ்கெட்தான் என்று எப்படி முடிவு செய்தார்? பானெட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். ஊசி எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் ஓடும்போதா? நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேன், அதன் ரிலே, சுவிட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும். ஓட ஓட ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் குறைவு, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு) சரியாகத் திறக்காதது என்று யோசிக்கலாம். கேஸ்கெட் போயிருந்தால் தெரிகிற அறிகுறிகள் வேறு. எண்ணெய் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா? டிப் ஸ்டிக்கில் எண்ணெய் நிறம் எப்படி? எஞ்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு சிலிண்டர் அடிக்காமல் குலுங்குகிறதா? வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிற்காமல் வருகிறதா? காலைக் குளிரில் கொஞ்சம் வெள்ளையாக வந்து மறைவது சாதாரண நீராவி, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஹெட் வேலை என்றால் என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே இருக்கிற அலுமினிய ஹெட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். இந்த எஞ்ஜினில் டைமிங் பெல்ட், அதையும் கழற்றி, குறி பார்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி சரியாக ஓடாது. ரொம்பத் தள்ளிப்போனால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பட்டையை (ஸ்ட்ரெயிட் எட்ஜ்) வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை (ஃபீலர் கேஜ்) விட்டுப் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவ (ஃபேஸிங்) வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல், இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். கை அழுத்தத்தை நம்பி முறுக்கினால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அவரிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, ஹெட்டை எந்த லேத்துக்குக் கொண்டுபோவார் என்று கேளுங்கள். இதைக் கேட்பது அவமரியாதை இல்லை. வேலை தெரிந்தவன் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவான்.

#4 | தாம்பரம்வாசி | ஞாயிறு, காலை 7.15

ரொம்ப நன்றி ஐயா. காலையில் எழுந்து பார்த்துவிட்டேன். எண்ணெய் மூடி சுத்தமாக இருக்கிறது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பு, ஆனால் பால் கலந்த மாதிரி இல்லை. குலுக்கல் இல்லை. புகை வருகிறது, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. குமிழி இருக்கிறதா என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஊசி ஏறுவது நெடுஞ்சாலையில்தான். குரோம்பேட்டை டிராஃபிக்கில் நின்றாலும் நடுவுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறது.

#5 | முடிச்சூர் மழை | ஞாயிறு, காலை 8.50

தெரிந்தவர் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். வண்டி கூரை வரை மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள் சாவியைப் போட்டுத் திருப்பப் போனேன். பக்கத்துத் தெருவில் ஆட்டோ பழுது பார்க்கிற பையன் ஒருவன், பழக்கம் என்று சொல்ல முடியாது, முகம் தெரியும், அவ்வளவுதான். சேற்றில் ஓடி வந்து சாவியைப் பிடுங்கினான். "ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா, உள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்" என்றான். தண்ணீரை அழுத்த முடியாதே, பிஸ்டன் மேலே வரும்போது ராடுதான் வளையும் என்று அங்கேயே விளக்கினான். பேட்டரி ஒயரைக் கழற்றினான். ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு, எஞ்ஜினைக் கையால் சுற்றினான். பிளக் ஓட்டை வழியாகக் கலங்கிய தண்ணீர் பீய்ச்சி அடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. எண்ணெயை இரண்டு தடவை மாற்றி, நாலு நாள் கழித்துத்தான் ஸ்டார்ட் செய்தான். எங்கள் தெருவில் அவசரப்பட்டுச் சாவி திருப்பியவர்கள் சிலர் எஞ்ஜினையே இழந்தார்கள்.

அவன் கையில் சர்டிஃபிகேட் எதுவும் இல்லை. இன்று வரை என் வண்டி அவனிடம்தான் போகிறது.

#6 | மாடிவீடு | ஞாயிறு, காலை 11.30

நான் எதிர்ப்பக்கம். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், அண்ணன் மாதிரி. வேலைக்குப் போகிற இடத்தில் மெக்கானிக். முன் பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து மாற்றிக் கொடுத்தார். பேட் விலை மட்டும் வாங்கினார், கைக்கூலி ஒரு பைசா வாங்கவில்லை. "உங்ககிட்ட காசு வாங்கறதா" என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தம். வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. அவரிடம் சொல்ல வாயே வரவில்லை. காசு வாங்காமல் செய்தவரிடம் போய்க் குறை சொல்வதா என்று என் கணவரும் தயங்கினார். மூன்று வாரம் அப்படியே ஓட்டினோம், குழந்தைகளை ஸ்கூலில் விட்டதும் அதே வண்டியில்தான். கடைசியில் சத்தமில்லாமல் வேறு ஒரு வொர்க்ஷாப்பில் விட்டோம். பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் மாட்டியிருந்ததால் ஒரு பக்கப் பின் இறுகிப்போயிருந்தது என்றார்கள். இருபது நிமிட வேலை. வண்டி லிஃப்டில் தூக்கி நிற்கும்போது அவர் அந்த வழியாக டூ வீலரில் போனார். நிறுத்தினார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பொண்ணு சடங்குக்குக்கூட மொய் மட்டும் கொடுத்தனுப்பினார்.

பிரேக்கை அவர் தப்பாக மாட்டியதால் உறவு போகவில்லை. நாங்கள் சொல்லாமல் போனதால் போனது. தாம்பரம்வாசி, "அண்ணே, திரும்பவும் சூடாகுது, வந்து பாருங்க" என்று உங்களால் அவரிடம் நேராகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் கொடுங்கள். நாக்கு எழாது என்றால் 34,000 கொடுப்பதே மலிவு.

#7 | வண்டிப்பிரியன் | ஞாயிறு, மதியம் 1.10

மாடிவீடு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பதிலைத் திரும்பப் பார்த்தேன். பணத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டேன். பிரேக், ஸ்டியரிங் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு நானும் பழக்கம் பார்க்க மாட்டேன்.

#8 | பாலைவனக்காற்று | ஞாயிறு, மாலை 4.25

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினோரு வருடம் இருந்தவன் என்கிற முறையில் ஒரு தகவல். அங்கே கராஜ்களில் ஒருவரே எல்லா வேலையும் பார்ப்பது குறைவு. ஏசிக்கு ஒருவர், கியர் பாக்ஸுக்கு ஒருவர், எலக்ட்ரிக்கலுக்கு ஒருவர், டென்டிங் பெயிண்டிங்குக்கு ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்பது வருடமும் கியர் பாக்ஸ் மட்டும் கழற்றியவர் அதில் புலியாக இருப்பார், எஞ்ஜின் ஹெட்டைத் தொட்டே இருக்க மாட்டார். ஊருக்கு வந்ததும் "கல்ஃப் மெக்கானிக்" என்று எல்லா வண்டியும் அவரிடம் வரும். வயிற்றுப்பாட்டுக்காக எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது அவர் குற்றம் இல்லை, பிழைப்பு அப்படி. "அண்ணே, அங்க எந்த செக்ஷன்ல இருந்தீங்க?" என்று டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள்.

#9 | ஜி.பி.ரோடு | ஞாயிறு, இரவு 8.00

ஸ்பேர் வியாபாரத்தில் இருக்கிறேன். யாரிடம் வேலை கொடுத்தாலும் பாகத்தை நீங்களே வாங்குங்கள். மெக்கானிக்கிடம் பாகத்தின் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஹுண்டாய் என்றால் அதன் ஒரிஜினல் ஸ்பேர் விற்கிற மோபிஸ் கவுன்டரில் கேட்கலாம். பில் வாங்குங்கள், பெட்டியில் எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். பில் போட்டால் வரி அதிகம் என்று சிலர் தயங்குவார்கள். கார் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது, முன்பு போல அவ்வளவு உறைக்காது. புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கண்ணாடி, ஹெட்லைட் கூடு மாதிரிச் சாமான் என்றால் நானே அங்கே அனுப்புவேன். பிரேக், கூலிங் சம்பந்தப்பட்டதைப் பழசில் வாங்காதீர்கள்.

பாகத்தை நீங்களே வாங்கினால் இன்னொரு நன்மை. இதில் எவ்வளவு வைத்தார் என்கிற சந்தேகம் உங்கள் மனதில் முளைக்காது. கைக்கூலி தனி, சாமான் தனி.

#10 | நோட்டீஸ் போர்டு | திங்கள், காலை 9.45

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். இரண்டு விஷயம்.

காசு வாங்காமல் செய்கிற வேலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவை" என்பதற்குள்ளேயே வராது. அவர் மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இலவசம் என்று ஆகிவிட்டால் சட்டத்திலும் உரிமை இல்லை, மாடிவீடு சொன்னது போல வாயிலும் உரிமை இல்லை. ஆகவே கைக்கூலி கட்டாயம் கொடுங்கள், ஜி-பே மூலம் கொடுங்கள், தேதியோடு பதிவாக இருக்கும்.

இரண்டாவது, சரிபார்க்க அவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 5ஆம் பிரிவின்படி உரிமையாளர் மேலும் தப்பு. கல்ஃப் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் சிலர் இங்கத்திய லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். அப்புறம், அப்பா பெயரிலிருந்து ஆர்.சி.யை மாற்றிவிட்டீர்களா? உரிமையாளர் இறந்தால் படிவம் 31 கொடுத்து மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

#11 | பழைய ஸ்பேனர் | திங்கள், இரவு 9.30

எண்ணெயில் தண்ணீர் இல்லை, நெடுஞ்சாலையில் மட்டும் ஏறுகிறது, தரையில் சொட்டும் இல்லை. எனக்கு ரேடியேட்டர் மேல் சந்தேகம். சின்னக் கசிவாக இருந்தால் சூட்டிலேயே ஆவியாகிவிடும், கீழே விழாது. இரண்டு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று பிரஷர் டெஸ்ட். எஞ்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கை பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அழுத்தம் வரை காற்று ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் எங்கோ கசிவு, டார்ச் அடித்துத் தேட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடித்து வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீல நிறத் திரவம் வைத்துச் செய்கிற டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் வருகிற காற்றை அந்தத் திரவம் வழியாக இழுத்தால், எரிந்த புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அப்படி மாறினால்தான் கேஸ்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. ஹெட்டைக் கழற்றிவிட்டால் திரும்ப வழி இல்லை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு ஏறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊரில் பரவலான வழக்கம் அது. எஞ்ஜின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும், பெட்ரோல் குடிக்கும், உள்ளே கசடு சேரும்.

ஷெட்டில் வண்டிக்கு அடியில் போகிற வேலை இருந்தால், ஜாக்கி மட்டும் வைத்துப் படுக்க விடாதீர்கள். ஸ்டாண்ட் வைக்கச் சொல்லுங்கள். அவர் மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்பது முதல் பதிவிலேயே தெரிகிறது.

#12 | தாம்பரம்வாசி | அடுத்த ஞாயிறு, மதியம் 2.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புதன்கிழமை டீக்கடையில் பேச்சைத் தொடங்கினேன். "அண்ணே, ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம், "அந்த டெஸ்டர் என்கிட்ட இல்ல சார். பெருங்களத்தூர்ல ஒரு பையன்கிட்ட இருக்கு, வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான். எந்த செக்ஷன் என்றும் கேட்டேன். பாலைவனக்காற்று சொன்னது சரி. ஏழு வருடம் சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ். "ஹெட் வேலை மொத்தமா நாலு வண்டிதான் சார், அதுவும் கூட ஒரு பெரியவர் இருந்தார்" என்று அவரே சொன்னார்.

இன்று காலை ஆறரைக்கு ஷெட்டில். பம்ப்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். முள் ஆறேழு நிமிடத்தில் கால்வாசிக்கு மேல் இறங்கிவிட்டது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் டார்ச் அடித்துத் தேடினோம். ஹோஸ் எல்லாம் காய்ந்திருந்தது. ஃபேனைக் கழற்றி எடுத்த பிறகுதான் தெரிந்தது. ரேடியேட்டரில் அலுமினியமும் மேலே பிளாஸ்டிக்கும் சேருகிற மடிப்பில், கடுகு அளவுக்கு ஒரு நீர் முத்து. காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல். துடைத்தால் விரலில் செங்கல் நிறம். மறுபடி இன்னொரு முத்து திரண்டு வந்தது. மடிப்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா அம்பாசடர் ஓட்டிப் பழகியவர். வண்டி எடுக்கும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது அவருக்குப் பல் விளக்குவது மாதிரி. எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான், சொம்பில் கொண்டுவந்து ஊற்றுவார். சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். கூலன்ட் என்று ஒன்று அவர் கணக்கில் கிடையாது. பத்து வருட உப்பு உள்ளே படிந்து அடைத்திருக்கிறது. சொம்போடு அவர் குனிந்து நிற்பது கண்ணிலேயே இருக்கிறது.

நீலத் திரவ டெஸ்டும் செய்தோம். பத்து நிமிடம் இழுத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் சார், நல்லவேளை கேட்டீங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரேடியேட்டர் மாற்ற வேண்டும். அந்த வேலையை அவரிடமே கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

#13 | கணக்குப்புலி | அடுத்த ஞாயிறு, மாலை 5.00

மன்னிக்கவும், எனக்கு இது ஒப்பவில்லை. தேவையில்லாத 14,000 ரூபாய் வேலையைச் சொன்னவர். நீங்கள் இங்கே கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் ஹெட் தரையில் கிடந்திருக்கும். நன்றி வேறு, வேலை வேறு. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போன நன்றிக்கு வேறு வழியில் செய்யுங்கள், வண்டியைத் திரும்பவும் ஏன் பணயம் வைக்க வேண்டும்?

#14 | பழைய ஸ்பேனர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.40

கணக்குப்புலிக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஒரு பிரீமியர் பத்மினி, சூடாகிறது என்று வந்தது. ஓனர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பார்த்த உடனே ஹெட் என்று சொல்லிக் கழற்றினேன். கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் நல்லாவே இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அவ்வளவுதான். என்ன செய்தேன் தெரியுமா? பழைய கேஸ்கெட்டை மறைத்துவிட்டு, புதுசு போட்டு, தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, ஹெட் வேலைக்கு முழுக் காசு வாங்கினேன். வாத்தியார் இரண்டு தவணையில் கொடுத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கும்பிடு இன்னும் உறுத்துகிறது.

தப்பாகக் கணிக்காத மெக்கானிக் கிடையாது. உங்கள் அண்ணன் டெஸ்டர் இல்லை என்று ஒப்புக்கொண்டார், கடன் வாங்கி வந்தார், உங்கள் கண் முன்னாலேயே செய்தார், தப்பு என்று தெரிந்ததும் வாயால் சொன்னார். என்னால் அன்றைக்கு அது முடியவில்லை. ரேடியேட்டர் மாற்றுவது அவர் கைக்கு மீறிய வேலை இல்லை. நான்கு போல்ட், இரண்டு ஹோஸ், ஃபேன். தாராளமாகக் கொடுக்கலாம். நாளைக்கு நிஜமாகவே ஹெட் கழற்ற வேண்டி வந்தால் அப்போது வேறு இடம் பாருங்கள். அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

புது ரேடியேட்டர் மாட்டும் முன்னால், உள்ளே இருக்கிற துருத் தண்ணீர் தெளிவாக வருகிற வரை பிளாக்கை அலசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதே கசடு புதுசிலும் போய் அடைக்கும். கூலன்ட்டைக் கலந்தே விற்பதாக வாங்குங்கள், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். போர் தண்ணீர் இனி ஒரு சொட்டு கூடாது. நிரப்பிய பிறகு மூடியைத் திறந்து வைத்தே எஞ்ஜினை ஓட்டி, ஃபேன் ஓடி நிற்கிற வரை உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும்.

#15 | மாடிவீடு | திங்கள், காலை 6.50

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் நண்பருக்குப் போன் செய்து பேசலாமா என்று நேற்று ராத்திரி நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு வருடம் ஆகிவிட்டது. நம்பர் இன்னும் அதேதான்.

#16 | தாம்பரம்வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.15

வேலை முடிந்தது. ரேடியேட்டரும் மூடியும் தெர்மோஸ்டாட்டும் நானே பில் போட்டு வாங்கினேன். கூலன்ட், ஹோஸ் கிளிப் எல்லாம் சேர்த்து சாமான் செலவு 7,200. அண்ணன் கைக்கூலி வேண்டாம் என்று அடம் பிடித்தார். நோட்டீஸ் போர்டு சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன்: "நீங்க காசு வாங்கலைன்னா நாளைக்கு ஏதாவது ஒழுகினா உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வராதுண்ணே." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஆயிரத்து ஐநூறு கொடுங்க" என்றார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. அலசிய தண்ணீர் ஏழாவது தடவைதான் தெளிந்தது. முதல் தடவை வந்தது டீ டிகாக்ஷன் மாதிரி.

மூன்றாம் நாள் கீழ் ஹோஸ் கிளிப்பில் லேசான ஈரம். டீக்கடையில் சொன்னேன், சொல்ல முடிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து முறுக்கிவிட்டுப் போனார்.

ஆர்.சி. மாற்றவும் விண்ணப்பித்துவிட்டேன்.

நேற்று மறுபடி திண்டிவனம் போய் வந்தோம், ஏசி போட்டு, ஆறு பேர். பரனூர் தாண்டியதிலிருந்து வீட்டுக்காரம்மா ரோட்டைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவுக்குக் கொஞ்சம் கீழே, போய் வருகிற வரைக்கும் அசையவே இல்லை.

#17 | பழைய ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 9.05

நல்ல சேதி. ஆறிய எஞ்ஜினில் டப்பாவில் எந்த அளவு நிற்கிறது என்று ஒரு குறி போட்டுவைத்து, வாரம் ஒருமுறை பாருங்கள்.

#18 | தாம்பரம்வாசி | திங்கள், காலை 6.30

வேலை முடிந்த அன்றே அண்ணன் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுவிட்டார் ஐயா. இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். கோட்டிலேயே நிற்கிறது.